கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே ஒரு தாய்

எல்லைப் பகுதித் தமிழ்க் குடும்பங்களும் பச்சிளம் குழந்தை சிகிச்சையும்

"குழந்தைக்குத் தூக்கம் குறைவு" என்று நர்சு சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கம்பத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு வந்த இடத்தில் வலி எடுத்து, மலையாள நாட்டு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற தாய் அதைக் கேட்டு ஒரு வகையில் ஆறுதல் அடைகிறாள். பிறந்த பிள்ளை சரியாகத் தூங்கவில்லை, அவ்வளவுதானே, போகப் போகச் சரியாகிவிடும் என்று எண்ணுகிறாள்.

நர்சு சொன்னதோ வேறு. மலையாளத்தில் 'தூக்கம்' என்றால் எடை. நாம் தூக்கம் என்பதை அவர்கள் 'உறக்கம்' என்பார்கள். குழந்தையின் எடை குறைவு, அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் நர்சு சொன்ன செய்தி. 'பனி' என்ற சொல்லும் இப்படித்தான். அங்கே அது காய்ச்சல். மூணாறு மலையில் வாழும் தமிழருக்கோ பனி என்றால் விடிகாலையில் தேயிலைச் செடியின் மேல் படிவது.

ஆண்டுக் கணக்கில் கேரளத்தில் வாழ்பவர்களுக்கு இந்த வேறுபாடெல்லாம் அத்துபடி. ஆனால் பிரசவ அலுப்பிலும் கவலையிலும் இருக்கும் ஓர் இளம் தாய்க்கு, அதுவும் புதிதாக மலையேறி வந்தவளுக்கு, அது எப்படி விளங்கும்? டாக்டர்களும் நர்சுகளும் குறை வைப்பதில்லை. மருந்தும் இருக்கிறது, இயந்திரமும் இருக்கிறது. ஆனாலும் குழந்தைக்கும் தாய்க்கும் இடையே ஒரு கண்ணாடிச் சுவர் நிற்கிறது. அது மொழியால் ஆனது, தூரத்தால் ஆனது, பணத்தால் ஆனது. அந்தச் சுவரை நீக்கினால் குழந்தையின் உயிர் பிழைக்கும் வாய்ப்பே கூடுகிறது என்று மருத்துவ உலகம் இப்போது கண்டுகொண்டிருக்கிறது.

மலையும் சாலையும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் போன்ற ஊர்களில் பல வீடுகளில் தமிழ்தான் பேச்சு. இவர்களுக்கு ஒரு பக்கம் பாலக்காடு, மறுபக்கம் பொள்ளாச்சியும் கோவையும். சமவெளியானதால் அவசரத்துக்கு எந்தப் பக்கமும் ஓடலாம்.

மலைப் பகுதியின் கதை வேறு. அட்டப்பாடியிலிருந்து மண்ணார்க்காடு செல்ல வேண்டுமானால் கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் இறங்க வேண்டும். கிழக்கே ஆனைகட்டிக்கு வந்தால் அங்கிருந்து கோவை சுமார் 30 கிலோமீட்டர். பரம்பிக்குளமோ கேரளத்தைச் சேர்ந்த ஊர், பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது. ஆனால் அங்கே செல்லும் சாலை தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போகிறது. சொந்த மாவட்டத்தின் ஆஸ்பத்திரிக்குப் போக அடுத்த மாநிலத்துக்குள் நுழைந்து திரும்ப வேண்டிய நிலை.

இடுக்கி ரயில் பாதையே இல்லாத மாவட்டம். மூணாறில் ஒரு காலத்தில் ஓடிய குண்டளா பள்ளத்தாக்கு ரயிலை 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் கொண்டுபோனது. அதன் பிறகு எல்லாம் சாலை வழிதான். மூணாறிலிருந்து கோட்டயம் மருத்துவக் கல்லூரி 100 கிலோமீட்டருக்கும் அதிகம். போடிமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ இறங்கினால் தேனி மாவட்டம் வந்துவிடும். எனவே தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் உள்ள தமிழ்க் குடும்பங்கள், கேரளத்துக்குள் இறங்குவதா, தேனிப் பக்கம் இறங்குவதா என்று அந்த நேரத்தில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. வலி எடுத்த பிறகு இந்த விவாதம் தொடங்கினால் நேரம்தான் வீணாகும்.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான விஷயத்தை டாக்டர்கள் சொல்வார்கள். குறைமாதத்தில் பிறக்கப்போகும் குழந்தைக்கு மிகச் சிறந்த ஆம்புலன்ஸ் தாயின் வயிறுதான். பிறந்த பிறகு ஒன்றே கால் கிலோ பிள்ளையைக் குளிரில் மலையிறக்குவதைவிட, பிறப்பதற்கு முன்பே தாயைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது நூறு மடங்கு மேல். குறைமாதப் பிரசவம் ஆகக்கூடும் என்று தெரிந்தால் தாய்க்கு ஓர் ஊசி போடுவார்கள். குழந்தையின் நுரையீரல் விரைவில் பக்குவப்பட அது உதவும். நியூசிலாந்து டாக்டர்கள் இருவர் 1972-ஆம் ஆண்டில் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. ஆனால் அந்த ஊசி வேலை செய்யவும் நேரம் வேண்டும்.

தமிழ்நாட்டில் மலைவாழ் மக்கள் வந்து சேரும் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில், நாள் நெருங்கிய கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்க அறைகள் ஏற்படுத்தப்பட்டன. மலைப்பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

அட்டப்பாடி தந்த பாடம்

குழந்தை உயிரைக் காப்பதில் கேரளம் இந்தியாவுக்கே முன்னோடி. 1971-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 1,000 குழந்தைகள் பிறந்தால் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. அப்போதே கேரளத்தில் இது 58 தான். 2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டின் சராசரி 25, கேரளத்தில் 5. பணக்கார நாடுகளோடு ஒப்பிடத்தக்க எண் இது.

அந்தக் கேரளத்தில்தான் 2013-ஆம் ஆண்டு அட்டப்பாடியில் ஆதிவாசிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள் வாழும் அகளி, புதூர், சோலையூர் ஊராட்சிகளில் பிறந்த குழந்தைகள் அவை. நாடே திரும்பிப் பார்த்தது. மத்திய, மாநிலக் குழுக்கள் வந்தன. இறந்த குழந்தைகளில் பல, பிறக்கும்போதே எடை மிகக் குறைந்தவை. தாய்மார்களுக்கு ரத்தசோகை. நிலம் கைவிட்டுப் போனதும், ராகியும் சாமையும் விளைந்த கொல்லைகள் சுருங்கியதும், வயிற்றுக்குப் போதிய உணவு இல்லாததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

அதன் பிறகு ஊர்தோறும் சமூக சமையலறைகள் திறக்கப்பட்டன. டாக்டர்கள் கூடுதலாக அனுப்பப்பட்டார்கள். பழங்குடிக் கர்ப்பிணிகளுக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கும் 'ஜனனி ஜன்ம ரக்ஷா' திட்டம் நடைமுறைக்கு வந்தது. சிறுதானியச் சாகுபடியை மீட்கவும் முயற்சி நடந்தது. கோட்டத்தரையில் பழங்குடியினருக்கான அரசு சிறப்பு ஆஸ்பத்திரி உள்ளது. இத்தனைக்குப் பிறகும் 2021 நவம்பரில் சில நாட்களுக்குள் மறுபடியும் குழந்தைகள் இறந்த செய்தி வந்தது.

மாநிலத்தின் சராசரி எண் நன்றாக இருப்பதால் மலை மேல் உள்ள தாய்க்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று ஆகாது. இயந்திரம் வாங்கி வைத்துவிட்டால் மட்டும் குழந்தை பிழைத்துவிடும் என்றும் ஆகாது. பிறப்பதற்கு முன் தாயின் சாப்பாடும், பிறந்த பிறகு தாயின் அணைப்பும் சேர்ந்தால்தான் இயந்திரம் தன் வேலையைச் செய்யும். இது அட்டப்பாடி தந்த பாடம்.

கண்ணாடிப் பெட்டியின் கதை

"பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். அந்தப் பெட்டிதான் இன்குபேட்டர். 1880-ஆம் ஆண்டு வாக்கில் பாரிஸ் நகரத்து டாக்டர் தார்னியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டுக் குறைமாதக் குழந்தைகளுக்கு அதுபோல ஒன்றைச் செய்யச் சொன்னார் என்பது வரலாறு.

பெட்டியின் முதல் வேலை கதகதப்பு. இரண்டரை கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு போதாது. சூடு விரைவில் இறங்கிவிடும். உடல் குளிர்ந்தால் பால் குடிக்காது. பால் குடிக்காவிட்டால் சர்க்கரை குறையும், மூச்சு திணறும். மூணாறு போன்ற இடத்தில் மார்கழிக் குளிரில் இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

மாவட்ட ஆஸ்பத்திரிகளில் பச்சிளம் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு தொடங்கும் முயற்சிக்கு வழிகாட்டியது மேற்கு வங்காளத்தின் புருலியா. மிகவும் பின்தங்கிய அந்த மாவட்டத்தில் 2003-ஆம் ஆண்டு அமைந்த பிரிவு நல்ல பலன் தந்தது. பிறகு நாடெங்கும் 900-க்கும் மேற்பட்ட பிரிவுகள் ஏற்பட்டன. அங்கே சூடு தரும் படுக்கை, மூச்சுத் திணறலுக்கு ஆக்சிஜன், மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு, கிருமித் தொற்றுக்கு மருந்து எல்லாம் உண்டு. செலவு இல்லை.

ஆனால் இந்தப் பெட்டியோடு ஒரு பழக்கமும் வந்து சேர்ந்தது. கிருமி வரும் என்று பயந்து பெற்றோரை வெளியே நிறுத்திவிட்டார்கள். பெற்றவள் கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போவாள். சில சமயம் அதற்கும் வழி இல்லை. தாய் பிரசவித்த ஆஸ்பத்திரியிலேயே படுத்திருப்பாள். குழந்தையை மட்டும் தகப்பன் ஆம்புலன்சில் தூக்கிக்கொண்டு நூறு கிலோமீட்டர் போயிருப்பான். சிசேரியன் ஆன தாய் எழுந்து போவதற்குள் நான்கைந்து நாள் ஆகிவிடும். அதற்குள் பால் சுரப்பும் குறையலாம், மனமும் உடைந்துபோகலாம்.

பொகோட்டாவில் பிறந்த வழி

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டா. அங்கே ஏழைகள் வரும் தாய்சேய் ஆஸ்பத்திரியில் 1978-ஆம் ஆண்டில் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளை வைத்ததால் தொற்று பரவியது. எட்கார் ரே சனாப்ரியா என்ற டாக்டர் ஒரு வழி கண்டார். கங்காரு தன் குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்ப்பதுபோல, குழந்தையைத் துணியில்லாமல் தாயின் மார்போடு தோலோடு தோலாக வைத்துக் கட்டிவிடச் சொன்னார். டாக்டர் எக்டர் மார்ட்டினெஸ் அவரோடு சேர்ந்து அதை வளர்த்தார். தாயின் உடம்புச் சூடே குழந்தைக்குப் போதுமானதாக இருந்தது. பாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

முதலில் இதை ஏழைகளின் வைத்தியம் என்று பலர் நினைத்தார்கள். இயந்திரம் இல்லாதவர்கள் செய்துகொள்ளும் மாற்று வழி என்றார்கள். அந்த எண்ணத்தை மாற்றியது 2021-ஆம் ஆண்டு வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் ஒரு கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள 3,211 குழந்தைகளைக் கொண்டு அது நடந்தது. நம் நாட்டில் டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி அதில் பங்கேற்றது.

ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு வழக்கம்போல முதலில் பெட்டி, உடல்நிலை தேறிய பிறகு தாயின் மார்பு. இன்னொரு பிரிவுக்குப் பிறந்த உடனேயே தாயின் மார்பு. முதல் வகையில் 28 நாட்களுக்குள் 100-க்கு 15.7 குழந்தைகள் இறந்தன. இரண்டாவது வகையில் 12. அதாவது நான்கில் ஒரு சாவு தடுக்கப்பட்டது. பலன் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். இனியும் சில குழந்தைகளுக்கு இதைத் தராமல் வைத்திருப்பது நியாயமில்லை என்று கருதினார்கள்.

2022-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் பிறந்த உடனேயே இதைத் தொடங்கி, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யலாம் என்று பரிந்துரை வெளியிட்டது. கண்ணாடிப் பெட்டி வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. தானாக மூச்சுவிட முடியாத குழந்தைக்கு இயந்திரம் வேண்டும். ஆனால் தாயும் சிகிச்சையில் ஒரு பங்கு, அவள் வெறும் பார்வையாளர் அல்ல என்பது நிலைநாட்டப்பட்டுவிட்டது.

பெற்றோரை உள்ளே விட்டால்

டெல்லி ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரியில் தொடங்கிய ஒரு முறையைப் பின்பற்றி, 2017-ஆம் ஆண்டில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி பெற்றோரைப் பச்சிளம் குழந்தைப் பிரிவுக்குள் அனுமதித்து, பயிற்சியும் தர வேண்டும். கை கழுவும் முறை, சுத்தமான மேலங்கி அணிவது, துணி மாற்றுவது, பால் பீய்ச்சிக் கொடுப்பது, மார்பில் அணைத்துக்கொள்வது, ஆபத்துக் குறிகளை அடையாளம் காண்பது ஆகியவை பாடங்கள். தாய் ஓய்வெடுக்கும் நேரத்தில் தகப்பனோ பாட்டியோ குழந்தையை மார்பில் வைத்துக்கொள்ளலாம்.

இதில் நம்மவர்க்குப் பெருமையான ஒரு செய்தி உண்டு. உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத குழந்தைக்குப் பால் புகட்ட இந்த வார்டுகளில் பயன்படுவது நம் வீட்டுப் பாலாடைதான். சங்கு என்றும் சொல்வோம். ஆங்கில மருத்துவ நூல்களிலும் அதைப் 'பாலாடை' என்றே எழுதுகிறார்கள். பால் புட்டியைவிடக் கழுவுவது எளிது, தொற்றும் குறைவு. எஸ்டேட் லயத்திலிருந்து வந்த தாய்க்கு அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் தெரிந்த பொருள் ஒன்றாவது கண்ணில் படுகிறது.

தாய்க்குப் பால் வராவிட்டால் பிற தாய்மார் தரும் பாலைப் பதப்படுத்திக் கொடுக்கும் வங்கிகளும் உள்ளன. ஆசியாவிலேயே முதலாவது 1989-இல் பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் உண்டு. கேரளத்தில் முதல் தாய்ப்பால் வங்கி 2021-இல் எர்ணாகுளம் பொது ஆஸ்பத்திரியில் திறக்கப்பட்டது.

பிறவியிலேயே இருதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்காகக் கேரள அரசு 2017 முதல் 'ஹ்ருதயம்' என்ற இலவச சிகிச்சைத் திட்டத்தையும் நடத்துகிறது. குழந்தை பால் குடிக்கும்போது வியர்த்து இளைத்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ டாக்டரிடம் சொல்லத் தயங்கக்கூடாது.

சலுகை உண்டு, கூலி?

2011 ஜூன் 1-ஆம் தேதி தொடங்கிய 'ஜனனி சிசு சுரக்ஷா' திட்டப்படி அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமும் சிசேரியனும் இலவசம். மருந்து, பரிசோதனை, ரத்தம் ஆகியவையும் இலவசம். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கும், திரும்ப வீட்டுக்கும் வண்டி உண்டு. நோயுற்ற பச்சிளம் குழந்தையின் சிகிச்சைக்கும் இது பொருந்தும்.

தாய்க்குச் சாப்பாடும் உண்டு. ஆனால் திட்டத்தில் வகுத்த கணக்கு சுகப் பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள். ஒன்றே கால் கிலோ குழந்தையோ மூன்று வாரம், நான்கு வாரம் தங்க நேரிடும். அத்தனை நாளும் தாய் எங்கே படுப்பாள், என்ன சாப்பிடுவாள் என்பதை முதல் நாளே வார்டில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கேரளத்தில் நோயாளிக்குத் துணையாக இருப்பவரைக் 'கூட்டிருப்புக்காரர்' என்பார்கள். அந்த ஆள் வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்ற குடும்பங்களே எல்லைப் பகுதியில் அதிகம். மத்திய அரசு ஊழியருக்கு மனைவியின் பிரசவத்தின்போது 15 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. விடிகாலையில் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் தினக்கூலிக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும். வீட்டில் மூத்த பிள்ளையைப் பார்க்கவும் ஆள் வேண்டும். அதனால்தான் டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் சிலர் கையெழுத்துப் போட்டுக் குழந்தையை அழைத்துப் போய்விடுகிறார்கள். அவர்களை அறியாமை என்று திட்டுவது எளிது. கணக்குப் பார்த்தால்தான் அவர்கள் கஷ்டம் புரியும்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்குச் சட்டப்படி பேறுகாலச் சலுகை உண்டு. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு உண்டு. முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். தற்காலிகத் தொழிலாளிகள் தங்கள் வேலை நாட்கள் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

வீடு திரும்பிய பிறகு

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்றால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பொருளல்ல. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதியர் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி தந்து, வீடு வீடாகப் போய்ப் பச்சிளம் குழந்தைகளைக் கவனிக்கச் செய்தார்கள். பச்சிளம் குழந்தைச் சாவு 62 சதவீதம் குறைந்தது. 1999-இல் இந்த முடிவு வெளியானது. அதைப் பின்பற்றித்தான் 2011 முதல் ஆஷா ஊழியர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் அவர்கள் வந்து பார்க்க வேண்டும்.

எல்லைக் குடும்பங்களுக்கு இங்கே ஒரு சிக்கல். பிரசவம் கோவையில், புகுந்த வீடு அட்டப்பாடியில், பேறுகாலத்துக்குத் தங்குவது தாய்வீடு பொள்ளாச்சியில். எந்த ஊர் ஆஷா வருவார்? எந்த ஊர் சுகாதார நர்சு கணக்கில் எடுத்துக்கொள்வார்? இரண்டு பக்கமும் இவர் அந்தப் பக்கத்துக்காரர் என்று விட்டுவிட்டால் அந்தக் குழந்தையை யாருமே பார்க்காமல் போகலாம். எனவே தாய் எங்கே போய்த் தங்கினாலும் அந்த ஊர் அங்கன்வாடியில் உடனே சொல்லி வைக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டும் தாய்சேய் அட்டையும் எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

பெரியவர்கள் சில பழக்கங்களை விட மனமில்லாமல் இருப்பார்கள். பிறந்ததும் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது, கழுதைப்பால் புகட்டுவது, சீம்பாலைக் கறந்து கொட்டுவது எல்லாம் இன்னும் உண்டு. அன்பினால் செய்வதுதான். ஆனால் எடை குறைந்த குழந்தைக்கு அது கிருமிக்கு வாசல் திறந்துவிடுவது போல. முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதே டாக்டர்கள் சொல்வது. எடை தேறும்வரை குளிப்பாட்டுவதையும் தள்ளிப்போடலாம்.

கீழ்க்காணும் குறிகளில் ஒன்று தெரிந்தாலும் இரவு பகல் பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். குழந்தை பால் குடிக்க மறுப்பது. துவண்டு கிடப்பது. உடம்பு கொதிப்பது அல்லது சில்லிடுவது. நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவது. மூச்சுவிடும்போது மார்பு உள்ளிழுப்பது. வலிப்பு வருவது. உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாவது. தொப்புளில் சீழ் வைப்பது. போகும் வழியெல்லாம் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து, தலைக்குக் குல்லாய் போட்டுக் கொண்டுபோக வேண்டும்.

குழந்தையோடு தாயையும் கவனிக்க வேண்டும். காரணமில்லாமல் அழுவது, தூக்கம் வராமல் தவிப்பது, பிள்ளையைத் தொடவே பயப்படுவது ஆகியவை பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வின் அறிகுறிகளாக இருக்கலாம். அதற்கு சிகிச்சை உண்டு. பிள்ளை தங்காமல் போன வீட்டில் "இவள் ராசி" என்று பேசுவது புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். குறைமாதப் பிரசவம் எந்தத் தாயும் விரும்பி வரவழைத்ததல்ல.

பதிவை மறக்கக்கூடாது

பிறப்பைப் பிறந்த இடத்தில்தான் பதிய வேண்டும், பெற்றோரின் சொந்த ஊரில் அல்ல. கோவையில் பிறந்தால் கோவையில், பாலக்காட்டில் பிறந்தால் பாலக்காட்டில். 21 நாட்களுக்குள் என்றால் கட்டணம் இல்லை. பெயர் வைக்காவிட்டாலும் பதியலாம், பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஓடும் வண்டியில் பிறந்தால் வண்டி முதலில் நிற்கும் இடத்தில் பதிய வேண்டும் என்பது விதி. பின்னாளில் பள்ளிக்கூடத்துக்கும் சாதிச் சான்றிதழுக்கும் ஆதாருக்கும் அலையும்போதுதான் பலருக்கு இதன் அருமை தெரிகிறது. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் தாய் தகப்பன் பெயர்களின் எழுத்தைச் சரிபார்ப்பது முக்கியம். தமிழ்ப் பெயர் மலையாளம் வழியாக ஆங்கிலத்துக்குப் போகும்போது உருமாறிவிடுவது உண்டு.

செய்ய வேண்டியது

பெரிய செலவில்லாத சில காரியங்கள் எல்லைப் பகுதித் தாய்மாருக்குப் பேருதவியாக இருக்கும். பச்சிளம் குழந்தைப் பிரிவை ஒட்டித் தாய்க்கு ஒரு கட்டில். பிள்ளை தேறும்வரை அவளுக்கு மூன்று வேளைச் சோறு. தகப்பனோ பாட்டியோ இரவு தலைசாய்க்க ஒரு கூடம். குழந்தையை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது கூடியமட்டும் தாயையும் அதே வண்டியில் அனுப்புவது. தமிழர் அதிகம் வரும் ஆஸ்பத்திரிகளில் தமிழ் தெரிந்த ஒருவரை அந்த வார்டில் வைப்பது, அறிவுரைத் தாளைத் தமிழிலும் தருவது. இரு மாநில எல்லை ஊர்களின் சுகாதார ஊழியர்கள் பிரசவித்த தாய்மாரின் விவரத்தை ஒருவருக்கொருவர் தெரிவிப்பது.

தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இதில் செய்யக்கூடியது நிறைய உண்டு. இரு மொழியும் அறிந்த ஒரு பெண் வாரத்தில் ஒரு நாள் அந்த வார்டுக்குப் போய், புதிதாக வந்த தாய்க்கு டாக்டர் சொன்னதை விளக்கிவிட்டு வந்தாலே போதும். பெரிய மண்டபம் கட்டுவதைவிட அது பெரிய தொண்டு.

அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால், "தூக்கம் குறைவு" என்று நர்சு சொல்லும்போது தாய்க்கு அதன் பொருள் சரியாகப் போய்ச் சேரும். குழந்தையை மார்போடு கட்டிக்கொள்வாள், மணிக்கணக்குப் பார்த்துப் பாலாடையில் பால் புகட்டுவாள். நாளைக்குப் பத்து கிராம், இருபது கிராம் என்று எடை ஏறும். மலையாளத்தில் பிள்ளைக்குத் தூக்கம் கூடிய பிறகுதான் தமிழில் தாய்க்குத் தூக்கம் வரும்.